கேட்பவர் இல்லாத வேண்டுதல்

மதுரை நகரிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரச் சிற்றூர்களிலும் உள்ள நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் பிறந்தநாள் இருமுறை கொண்டாடப்படுகிறது. ஞாயிறு ஆராதனையில் பிறந்தநாள் கண்டோர் முன்வந்து காணிக்கை படைக்க, ஆயர் சபையாரோடு சேர்ந்து அவர்களுக்காக மன்றாடுகிறார். வீட்டிலோ கேக்கின் மேல் மெழுகுவர்த்திகள் ஏற்றப்படுகின்றன. பிள்ளை கண்களை மூடி, மனத்துக்குள் ஒன்றை வேண்டி, ஒரே மூச்சில் அவற்றை ஊதி அணைக்கிறது. வேண்டியதை வெளியே சொன்னால் பலிக்காதாம். இவ்விரண்டாம் சடங்கைக் கண்டிப்போர் நம்மிடையே உண்டு. ஆயின் அவர்கள் காட்டும் காரணங்களுட் பல குறி தவறியவை.

இது புறச்சமய வழக்கம் என்பர் சிலர். கிரேக்கர் ஆர்ட்டெமிஸ் தேவிக்கு விளக்கேற்றிய பணியாரம் படைத்தது உண்மையே. அதற்கும் இன்றைய கேக்கிற்கும் இடையே தொடர்ச்சி காட்டுவாரைத்தான் காணோம். மாறாக, ஏடறிந்த பழஞ்சான்றுகளுள் ஒன்று நம் புராட்டஸ்டண்டு மரபிலேயே கிடைக்கிறது. 1746இல் மொரேவியத் தலைவர் சின்சென்டார்ஃப் பிரபுவின் பிறந்தநாளுக்கு மிகப் பெரிய கேக் செய்து, அகவைக்கு ஒன்றாகத் துளையிட்டு மெழுகுவர்த்தி செருகினராம். அப்பிரபு ஹாலேயில் பயின்றபோது தரங்கம்பாடி அருட்பணியின் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். அவருடைய மொரேவியரே 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தனர். மெழுகுவர்த்தியைத் தள்ளுவோர் இவரையும் தள்ளுவரோ!

திருமறையில் பிறந்தநாள் விருந்து செய்தோர் பார்வோனும் ஏரோதுமே என்பது மற்றொரு வாதம். ஓரிகனும் இதை எடுத்துக்காட்டினார். ஆனால் இது மெழுகுவர்த்திக்கு எதிரானதன்று, பிறந்தநாளுக்கே எதிரானது. இதனை ஏற்போர் பிறந்தநாள் காணிக்கையையும் நிறுத்த முன்வரவேண்டும்.

ஊதி அணைத்தல் நம் மக்களின் மனத்தை உறுத்துவது இயல்பே. விளக்கை "அணை" என்று சொல்லவும் நம் தாய்மார் கூசுவர். "குளிரவை" என்பர், "மலையேற்று" என்பர். வாயால் ஊதாமல் பூவினால் அமர்த்துவாரும் உளர். ஏசாயா 42இல் வரும் ஊழியரும் மங்கும் திரியை அணைக்காதவரே. எனினும் இது பண்பாட்டின் வேறுபாடு. பாவம் என்று சொல்ல நாம் துணியோம்.

நாம் தயங்குவது வேறோரிடத்தில். அவ்வேண்டுதல் யாரிடம் செய்யப்படுகிறது? கேட்பவர் எவரும் அங்கில்லை. பலன் மூச்சின் வலிமையைப் பொறுத்தது. அறைக்குள் கதவைப் பூட்டி ஜெபிக்க ஆண்டவரே சொன்னாரன்றோ எனலாம். மத்தேயு 6இல் உள்ள மறைவு, மனிதரின் புகழ்ச்சியை நாடாதிருப்பதற்கானது. அங்கே கேட்கும் பிதா உண்டு. அதே அதிகாரத்தில் கற்பிக்கப்பட்ட மன்றாட்டும் பன்மையில் தொடங்கி, அப்பத்தையும் பன்மையிலேயே கேட்கிறது.

பத்தாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்படவிருக்கும் ஒரு பெண்பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். மேலே படிக்கவேண்டும் என்பதே அவள் கண்மூடி வேண்டுவது. அதை ஆராதனையில் அவள் சொல்லவில்லை. யாரும் அவளைக் கேட்கவுமில்லை. நீடிய ஆயுளும் நற்சுகமும் வேண்டிப் பொதுவாக மன்றாடி முடித்துவிட்டோம். வீட்டிலோ, சொன்னால் பலிக்காது என்னும் விதி, அவளுக்கு உதவக்கூடிய தாய், தகப்பன், சபையார் அனைவர் செவிகளையும் அடைத்துவிடுகிறது. கேக் மீதுள்ள குற்றத்தைக் காட்டிலும் நம் ஆராதனை மீதுள்ள குற்றமே இங்குப் பெரிது. பிள்ளையின் மெய்யான விருப்பத்திற்கு நாம் இடம் வைக்கவில்லை, மெழுகுவர்த்தி வைத்தது.

கேக்கை வெட்டி ஒருவருக்கொருவர் ஊட்டுவதில் நமக்குக் குறையில்லை. அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்து 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்பதைத் தம் இறையியலின் நடுவில் வைத்தவர். பகிர்தல் அச்சடங்கின் நல்ல பாதி, அது நிற்கட்டும்.

காணிக்கை வேளையில், "உனக்காக எதை வேண்டுவோம்?" என்று ஆயர் பிள்ளையிடம் கேட்கலாம். பெரிய சபைகளில் நேரம் போதாதெனின், மாதத்தில் ஒரு ஞாயிற்றை இதற்கென ஒதுக்கலாம். நம் சிற்றூர்ச் சபைகளில் பிறந்த தேதி அறியாத முதியோரும் உளர். பள்ளியில் சேர்த்த நாளில் ஆசிரியர் இட்ட தேதியே அவருட் சிலருக்குச் சான்று. காணிக்கைக்கென அவர்கள் முன்வருவதில்லை. அந்த ஞாயிற்றில் அவர்களையும் அழைத்துக் கேட்கவேண்டும்.