திருமுருகாற்றுப்படையில் கோயிற்செலவும் வழிபாட்டு மரபுகளும்: ஏரகமும் குறமகளின் வியல்நகரும்

ஆய்வுச் சுருக்கம்

திருமுருகாற்றுப்படை இன்று ஆறு திருத்தலங்களுக்கு வழிகாட்டும் நூலாகவே பெரிதும் அறியப்படுகின்றது. திருவேரகத்து அந்தணர் வழிபாட்டையும் குறமகளின் குருதிப்பலி வழிபாட்டையும் இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகின்றது. நூல் இரண்டையும் ஒரே விவரிப்பு முறையில் அமைத்து, இரண்டையும் இறைவன் உறையும் இடத்திற்குரிய வழிபாடாகவே ஏற்கின்றது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: திருமுருகாற்றுப்படை, ஏரகம், குறமகள், நகர், வெறியாட்டு, அறுபடைவீடு.

முன்னுரை

பத்துப்பாட்டின் முதற்பாட்டாகவும் பதினொராம் திருமுறையில் ஒன்றாகவும் இடம்பெறும் திருமுருகாற்றுப்படை 317 அடிகளாலானது. நக்கீரர் பெயரில் வழங்குவது. பிற ஆற்றுப்படைகள் பரிசில் நாடுவோரை வள்ளலிடம் செலுத்த, இந்நூல் வீடுபேற்றை நாடுவோனை முருகனிடம் செலுத்துகின்றது. கோயிலுக்குச் செல்லுதல் என்னும் செயலை முழுப்பொருளாகக் கொண்ட தொன்மையான தமிழ்ப் பாட்டு இதுவே எனலாம். எனினும் சென்று சேரும் இடத்தின் மதிலையும் கோபுரத்தையும் இந்நூல் மிகுதியாகப் பேசவில்லை. யார் வருகின்றனர், என்ன உடுத்துள்ளனர், எதை ஏந்துகின்றனர், எப்படிப் பாடுகின்றனர் என்பனவே அதன் அக்கறை. திருவாவினன்குடிப் பகுதியில் முனிவரும் கந்தருவரும் தேவரும் வரிசையாக வருவதும் இவ்வாறு வழிபட வருவோரை முன்னிறுத்தும் காட்சியே.

தலப்பட்டியலாக வாசிக்கும் மரபு

பரங்குன்றம், சீரலைவாய், ஆவினன்குடி, ஏரகம், குன்றுதோறாடல், பழமுதிர்சோலை என நூல் ஆறு பகுதிகளாகப் பகுக்கப்படுகின்றது. இவற்றை ஆறு தனித் தலங்களாகக் கொள்வதில் இடர்ப்பாடுகள் உள்ளன. ஏரகத்தை நச்சினார்க்கினியர் மலைநாட்டுத் திருப்பதி என்றார். பிற்கால வழக்கு அதனைச் சுவாமிமலை என்றது. குன்றுதோறாடல் என்பது ஓரிடத்தின் பெயரன்று. குன்றுகள்தோறும் நிகழும் ஆடலைக் குறிப்பது. அதனைத் திருத்தணியோடு பொருத்தியது பின்னை மரபு.

இறுதிப் பகுதி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 218ஆம் அடியில் தொடங்கும் அப்பகுதியில் பழமுதிர்சோலை என்னும் தொடர் நூலின் கடைசி அடியில் மட்டுமே வருகின்றது. அதற்கு முன் நூல் அடுக்கும் இடங்கள் வேறு: ஊர்தோறும் எடுக்கும் விழா, வேலன் அமைத்த வெறியாடு களம், காடு, சோலை, ஆற்றிடைக்குறை, ஆறு, குளம், நாற்சந்தி, பூத்த கடம்பு, மன்றம், பொதியில், கந்து நிற்கும் இடம் (220-226). தலப்பெயரைத் தலைப்பாக இட்டு வாசிக்கும்போது, பெயரற்ற இவ்விடங்கள் ஒரு தலத்தின் முன்னுரைபோலச் சுருங்கிவிடுகின்றன. வேண்டியவர் வேண்டியவாறு பெற்று வழிபடும் அவ்வவ்விடங்களில் முருகன் உறைகின்றான் என்று நூல் கூறுவதும் (248-249), எங்கே கண்டாலும் வணங்குக என அறிவுறுத்துவதும் இவ்வாசிப்பில் வலுவிழக்கின்றன.

இரு வழிபாடுகள், ஒரே விவரிப்பு முறை

ஏரகப் பகுதி 13 அடிகளே (177-189). நாற்பத்தெட்டு ஆண்டு பிரமசரியம் காத்த, முத்தீ ஓம்பும் அந்தணர், ஒன்பது இழைகொண்ட முப்புரி நூலணிந்து, ஈர ஆடை உடலிலேயே உலர, தலைமேல் கைகூப்பி, ஆறெழுத்து மறையை நாவளவில் ஓதி, மணமலர் ஏந்தித் தொழுகின்றனர்.

குறமகள் வழிபாடு 18 அடிகளில் விரிகின்றது (227-244). கோழிக்கொடியை நிறுத்தி, நெய்யோடு வெண்சிறுகடுகை அப்பி, மெல்ல உரைத்து, மலர் தூவி, நிறம் மாறுபட்ட இரண்டு ஆடைகளை உடுத்து, செந்நூல் கட்டி, வெண்பொரி சிதறி, கிடாயின் குருதி கலந்த வெள்ளரிசியைப் பலியிட்டு, மஞ்சளும் நறுமணப்பொருளும் தெளித்து, செவ்வலரி மாலை தொங்கவிட்டு, நறும்புகை காட்டி, குறிஞ்சி பாடி, இன்னியம் ஒலிக்கச் செய்கின்றாள்.

இரண்டையும் அருகருகே வைத்தால் உறுப்புகள் ஒத்திருப்பது புலனாகும். அங்கே முப்புரிநூல், இங்கே செந்நூல். அங்கே உலரும் ஈர ஆடை, இங்கே முரண்நிற இரட்டை ஆடை. அங்கே நாவளவில் ஓதுதல், இங்கே மெல்ல உரைத்தல். மலர் இரண்டிலும் உண்டு. வேறுபாடு குருதியிலும் இன்னியத்திலும் உள்ளது. வடமரபும் தென்மரபும் நூலில் கலந்துள்ளன என்னும் பொதுக்கூற்று இந்த ஒழுங்கை விளக்கப் போதாது. இரு மரபுகளும் இங்குக் கலக்கவில்லை. தத்தம் வடிவு குன்றாமல் ஒரே சட்டகத்தில் நிற்கின்றன.

சொல்லாட்சியும் இதற்குச் சான்றாகும். பழந்தமிழில் கோயிலையும் குறிக்கும் நகர் என்னும் சொல் குறமகள் வழிபடும் இடத்திற்கு இருமுறை ஆளப்பட்டுள்ளது (238, 244). ஏரகத்தில் இறைவன் இருத்தலைச் சுட்டும் உறைதல் என்னும் அதே சொல்லே இங்கும் வருகின்றது.

அனைத்திற்கும் மேலாக, நூற்பெயரின் சொற்களே குறமகளின் செயலாக 244ஆம் அடியில் அமைகின்றன. அவள் முருகை ஆற்றுப்படுத்துகின்றாள். ஆற்றுப்படைப் புலவன் மனிதனை இறைவனிடம் செலுத்துகின்றான். குறமகளோ இறைவனை மனிதரிடம் வருவிக்கின்றாள். திசை மாறினும் தொழில் ஒன்றே. புலவன் தன் பணிக்கு ஒப்பான பணியைக் கற்றறிந்த அந்தணரிடம் காட்டாமல் மலைவாழ் பெண்ணிடம் காட்டியிருப்பது தற்செயலென ஒதுக்கத்தக்கதன்று.

குறமகள் வழிபாடு நூலின் பிற்பகுதியில் வருவதால் அதுவே உயர்ந்தது எனக் கொள்ளலாமோ எனின், அதற்கும் நூல் இடந்தரவில்லை. ஏரகத்தில் முருகன் பெரிதும் உவந்தே உறைகின்றான். தரவரிசை இன்மையே நூலின் நிலைப்பாடு.

முடிவுரை

இவ்வாசிப்பின் தேவை இலக்கிய எல்லையோடு நிற்பதன்று. விலங்கு, பறவைப் பலியைத் தடைசெய்யும் 1950ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2003இல் முனைந்து செயற்படுத்தப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் 2004இல் நீக்கப்பட்டது. எது முறையான கோயில் வழிபாடு என்னும் வினா அப்போது பொதுவெளியில் எழுந்தது. பலியின் சரி தவறை ஒரு பழம்பாட்டைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. ஆயினும் பலியிடும் வழிபாட்டைத் தமிழ்ச் சமய மரபின் புறத்தே நிறுத்துவோர், சைவர் பாராயணம் செய்யும் திருமுறைப் பாட்டு ஒன்றே அதனை நகர் என்னும் சொல்லால் ஏற்றிருப்பதற்கு விடை கூற வேண்டும். ஆறு தலங்களின் பெயர்களோடு வாசிப்பை முடித்துக்கொண்டால், கடம்பும் கந்தும் குறமகளும் நூலிலிருந்தே மறைந்துபோவர்.