இல்லத்துச் சுவரும் கலை நிழற்படமும்

ஓர் இல்லத்தின் சுவரை நோக்கின் அவ்வில்லத்தார் எவற்றைப் போற்றுகின்றனர் என்பது ஒருவாறு புலனாகும். யாழ்ப்பாணத்து வீடுகளின் முன்கூடத்திலும் விறாந்தையிலும் காணப்படுவன பெரும்பாலும் மூவகைப் படங்கள்: வழிபடு தெய்வத்தின் படங்கள், மறைந்த முன்னோரின் படங்கள், திருமணம் பட்டமளிப்பு முதலாய நன்னிகழ்ச்சிகளின் படங்கள். முன்னையது பக்தியின் பாற்பட்டது. பின்னைய இரண்டும் பாசத்தின் பாற்பட்டன. இவற்றின் வேறாக, உறவினரல்லாத ஒருவரையோ கண்டறியாத ஒரு மலையையோ காட்டும் நிழற்படத்தை, அதன் அழகு ஒன்றே கருதி விலைகொடுத்து வாங்கிச் சுவரில் வைத்தல் தகுமோ? ஓவியத்தைக் குறித்து இவ்வினா எழுவதில்லை. நிழற்படத்தைக் குறித்தே எழுகின்றது. ஆதலின் அதனை ஆராய்தல் பயனுடைத்து.

தகாது என்பார் கூறும் தடைகள் இரண்டு. நிழற்படம் பொறியின் செயலேயன்றி மனிதன் கைத்திறன் அன்று என்பது ஒன்று. ஒரே நெகற்றிவிலிருந்து எத்தனை படிகளையும் எடுக்கலாமாதலின், அதற்கு மூலம் என ஒன்று இல்லை என்பது மற்றொன்று.

முதலாந் தடைக்கு விடையளித்தோருள் ஈழத்துத் தொடர்புடைய பேரறிஞர் ஒருவரும் உளர். 1877 இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையில் இந்தியக் கலைப்பகுதியைக் காத்துவந்தார். அவர் முயற்சியாலேயே அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்னும் நிழற்படக் கலைஞரின் இருபத்தேழு படங்கள் 1924 இல் அக்காட்சிச்சாலையிற் சேர்ந்தன. நிழற்படத்தைக் கலையென ஏற்கப் பெருநிலையங்கள் பலவும் தயங்கிய காலம் அது. ஆடவல்லானின் திருவுருவத்துக்கு உலகறிய விளக்கம் எழுதிய ஒருவர், கமராவின் ஆக்கத்தையும் கலைச்செல்வமாகக் கொண்டமை சிந்திக்கத்தக்கது. எங்கு நிற்பது, எக்கணத்தில் ஒளியை உட்புகவிடுவது, எதனை உள்ளடக்கி எதனை விலக்குவது என்பவற்றைப் பொறி அறியாது, காண்பவனே அறிவான். உளி சிற்பியின் கருவியாதல் போலக் கமராவும் ஒரு கருவியே.

இரண்டாந் தடை வலிமை மிக்கது. ஒரு நெகற்றிவின் படிகள் பலவற்றுள் எது உண்மையானது என வினவுதல் பொருளற்றது என்பதை வால்டர் பெஞ்சமின் என்னும் ஜேர்மானிய அறிஞர் 1930களிலேயே எடுத்துக்காட்டினார். சோழர்காலச் செப்புத்திருமேனியோடு ஒப்பிட்டால் அவர் கருத்தின் வன்மை விளங்கும். மெழுகில் உருவமைத்து, அதன்மேல் மண்பூசி, மெழுகை உருக்கி நீக்கி, உலோகத்தை வார்த்தபின் அச்சினை உடைத்தே திருமேனியை வெளியில் எடுப்பர். ஆதலின் ஒவ்வொரு திருமேனியும் தனித்தன்மையுடையது. நிழற்படத்திலோ அச்சு உடைவதில்லை.

எனினும் அச்சு ஒன்றாயினும் படிகள் ஒன்றல்ல. அன்சல் அடம்ஸ் என்னும் அமெரிக்கர் 1941 இல் நியூ மெக்சிக்கோவின் ஹேர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவு எழுவதைப் படம்பிடித்தார். அந்த ஒரே நெகற்றிவிலிருந்து பல்லாண்டுகளாக ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளைத் தாமே இருட்டறையில் ஆக்கினார். முற்பட்ட படிகளில் வானம் வெளிறி முகிற்கீற்றுக்கள் தோன்றும். பிற்பட்டவற்றில் அதே வானம் காரிருளாக, நிலவு தனித்து ஒளிரும். இசையறிந்தவராகிய அவர், நெகற்றிவை இசைக்குறிப்புக்கும் படியை அதனைப் பாடிக்காட்டுதலுக்கும் ஒப்பிட்டார். ஒரே கீர்த்தனையை ஒரே வித்துவான் இருவேறு நாட்களிற் பாடும்போது கேட்போர் வேறுபாடு உணர்வரன்றோ? அத்தகையதே இதுவும்.

இதிலிருந்து வீட்டிற்கெனப் படம் சேர்ப்போர் அறியவேண்டியது யாதெனில், அவர் வாங்குவது காட்சியை அன்று, ஒரு படியை என்பதே. அப்படியை ஆக்கியவர் கலைஞர் தாமா பிறரா, ஆக்கியது எக்காலத்தில், எவ்வகைத் தாளில் என்பன முதலில் வினவத்தக்கன. படிகளை எண்ணிட்டு, இத்தனைக்கு மேல் ஆக்குவதில்லை என உறுதிகூறும் வழக்கமும் உண்டு. அஃது அச்சினை உடையாமலே உடைத்ததாகக் கொள்ளும் வணிக ஏற்பாடு. அருமையைத் தருமேயன்றி அழகைத் தராது. மான் ரே 1924 இல் ஆக்கிய படமொன்றின் படி, 2022 இல் நியூயோர்க் ஏலத்தில் ஒரு கோடியே இருபத்துநான்கு இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. அவ்விலை வாங்கியவரின் ஆற்றலைக் காட்டும். படத்தின் தரத்துக்கு அதுவே அளவுகோலாகாது.

படிகள் பலவாதல் குறையன்று, காப்பாகும் என்பதற்கு ஈழத்துக் கலைஞர் லயனல் வென்ட் சான்றாவார். 1900 இல் பிறந்த இவர் சட்டமும் பியானோவும் பயின்று, இத்தீவின் மக்களையும் கடலையும் கற்சிற்பங்களையும் கமராவில் வடித்தவர். நாற்பத்துமூன்று குழு எனப்படும் ஓவியர் கூட்டம் 1943 இல் உருவாகத் துணைநின்றவர். 1944 இல் அவர் மறைந்தபின் அவர்தம் நெகற்றிவுகள் அழிக்கப்பட்டன. இன்று அவர் கலையைக் காட்டிநிற்பன எஞ்சிய படிகளும், 1950 இல் இலண்டனில் வெளிவந்த படநூலுமே. மூலம் எனக் கருதப்பட்டது ஒழிந்தது. படி எனத் தாழ்த்தப்பட்டது நிலைத்தது.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981 இல் பொதுநூலகம் எரியுண்டபோது, வேறிடத்துப் படியுள்ள நூல்களை மீண்டும் தேடிப்பெற வழியிருந்தது. வேறு படியில்லாத ஏட்டுச்சுவடிகளோ மீளாவாயின. பின்வந்த இடப்பெயர்வுகளில் வீடுகளின் படத்தொகுப்புக்கள் பட்டபாடும் அத்தகையதே. அயலூரில் உறவினர் ஒருவர் வைத்திருந்த படி ஒன்றே தந்தையின் முகத்தைப் பிள்ளைக்கு மீட்டளித்த இல்லங்கள் உள.

ஆகவே நற்படமொன்றை வாங்குபவர் வெறும் உடைமையாளரல்லர், காவலர். காவலர்க்குரிய கடமைகளும் உண்டு. நேர்வெயில் படும் சுவரில் படத்தை வைத்தலாகாது. வண்ணப்படங்கள் ஒளியில் விரைந்து மங்கும். கண்ணாடி படத்தின்மேல் ஒட்டாதவாறு இடையே அட்டைவிளிம்பு அமைத்தல் வேண்டும்; அவ்வட்டை அமிலமற்றதாதல் நன்று. ஈரம் பூஞ்சணத்துக்கு இடந்தருமாதலின் மழைநீர் ஊறும் சுவரையும் விலக்கல் வேண்டும். பொருள்வளம் குன்றியோர் மூலப்படியை நாடி வருந்தவேண்டியதில்லை. செவ்விதாக அச்சிட்ட படநூலொன்றைப் பேணலே போதியது.

கதிரையின் நிறத்துக்கும் திரைச்சீலையின் நிறத்துக்கும் இசையப் படந்தேடுவாரும் உளர். அவர் சுவரை நிரப்புகின்றனர், கண்ணை நிரப்புகின்றிலர். நாடோறும் கண்டும் பழகிப் புளிக்காததும், பிறர் முகத்தையும் தம்மவர் முகம்போல் நின்று நோக்கச்செய்வதும் எப்படமோ, அதுவே இல்லத்திற் சேர்த்தற்குரியது. முன்னோர் படத்துக்குப் பாசம் தேடித்தந்த இடத்தைக் கலைநிழற்படம் இவ்வாற்றலாலேயே தனக்குத் தேடிக்கொள்ளல் வேண்டும்.