பழைய வாக்கும் புதிய பயிற்சியாளரும்

2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டிய தொகை 75 மில்லியன் டாலருக்கும் மேல். வேலை போனாலும் அவருக்குச் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது, ஏனென்றால் அது பத்திரத்தில் இருந்தது. அதே பயிற்சியாளரின் பேச்சை நம்பி, அடுத்த ஆண்டு அங்கே சேர்வதாகத் தலையாட்டியிருந்த பள்ளி மாணவர்களின் கையில் அப்படி ஒரு பத்திரமும் கிடையாது.

இங்கே கால்பந்து என்பது தலைக்கவசம் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து. கல்லூரிப் பயிற்சியாளர்கள் பள்ளிப் பருவத்திலேயே பையன்களைத் தேடிப் போகிறார்கள். படிப்புச் செலவை ஏற்கும் ஸ்காலர்ஷிப்பைத் தருவதாகச் சொல்கிறார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பையன் சம்மதிக்கிறான். அதற்குக் 'கமிட்' ஆவது என்று பெயர். எழுத்தில் எதுவும் இல்லை. கையெழுத்துக்கான காலம் பள்ளி இறுதியாண்டின் டிசம்பரில்தான் வருகிறது. அதுவரை இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம். ஆகவே புதிதாக வரும் பயிற்சியாளர் முன்னவர் விட்டுப்போன பட்டியலைக் கிழித்துப் போட்டால் அவர் எந்த விதியையும் மீறியவர் ஆகமாட்டார். விதி அனுமதிப்பதால் மட்டும் ஒன்று முறையாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

பயிற்சியாளர் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் பால் ஜான்சன் 2008 முதல் 2018 வரை 'ட்ரிப்பிள் ஆப்ஷன்' என்ற பழைய ஓட்டமுறையை ஆடவைத்தார். அதற்குப் பந்தை எறிவதைவிட ஏந்தி ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்துகிற ஆட்டக்காரர், வேண்டும். உடல் கனத்தைவிடக் கால்வேகம் கொண்ட தடுப்பாட்டக்காரர்கள் வேண்டும். 2019இல் வந்த ஜெஃப் காலின்ஸ் அந்த முறையை மொத்தமாகக் கைவிட்டார். வேறோர் ஆட்டத்துக்காகச் சேர்த்த பையன்களோடு அவர் களமிறங்கினார். மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. அடுத்த ஆண்டுகளிலும் நிலைமை மாறவில்லை. 2022இல் அவரையே அனுப்பிவிட்டார்கள். முன்னவர் கொடுத்த வாக்குக்கெல்லாம் நானே பொறுப்பு என்றால், தோல்விக்கு மட்டும் என் தலையை ஏன் கேட்கிறீர்கள் என்று அவரைப் போன்றவர்கள் கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. பையனுக்கும் அது நல்லதில்லை. தன் திறமைக்கு இடமில்லாத அணியில் நான்கு வருடம் பெஞ்சைத் தேய்ப்பதற்கு, 'உனக்கு இங்கே வேலை இல்லை' என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது மேல்.

பையன்களும் ஒன்றும் அரிச்சந்திரர்கள் அல்ல. 2021 நவம்பர் 28ஆம் தேதி பயிற்சியாளர் லிங்கன் ரைலி ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை விட்டு யு.எஸ்.சி. என்ற தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஓக்லஹோமாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்த குவார்ட்டர்பேக் மலாக்கி நெல்சன் உடனே மனம் மாறி ரைலியின் பின்னாலேயே போனார். ஏற்கெனவே ஓக்லஹோமாவில் ஆடிக்கொண்டிருந்த கேலப் வில்லியம்ஸும் சில வாரங்களில் அதே பாதையில் போனார். நான்கு ஆண்டு கழித்து, 2025 அக்டோபரில் பென் ஸ்டேட் தன் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது. அவர் அடுத்த மாதமே வர்ஜீனியா டெக்குக்குப் போக, பென் ஸ்டேட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தவர்களில் பலர் அவரைத் தொடர்ந்தார்கள். இதைப் பார்த்துவிட்டு 'இரு பக்கமும் சொல் தவறுகிறது, கணக்கு சரியாகிவிட்டது' என்று சொல்பவர்கள் உண்டு.

கணக்கு சரியாகவில்லை. பல்கலைக்கழகம் ஒரு பையனை இழந்தால் அடுத்த பையனைத் தேடும். அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒரு படை அங்கே இருக்கிறது. பையன் ஒரு பல்கலைக்கழகத்தை இழந்தால், அவனைக் கேட்டுவந்த மற்ற இடங்கள் அதற்குள் நிரம்பியிருக்கும். குவார்ட்டர்பேக் என்றால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓர் அணிக்கு ஒருவர்தான். இவன் ஒப்புக்கொண்ட அன்றே மற்றவர்கள் வேறொருவனைப் பிடிக்கப் போயிருப்பார்கள். ஜூன் மாதத்தில் விலக்கப்பட்ட பையனுக்கும், கையெழுத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் விலக்கப்பட்ட பையனுக்கும் நேர்ந்தது ஒரே அநீதி அல்ல. ஆகவே, பயிற்சியாளர் வாக்கைக் காப்பாற்றினாரா என்பதோடு, காப்பாற்ற முடியாது என்பதை எப்போது சொன்னார் என்றும் கேட்க வேண்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா செய்ததை இந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். முன்னவர் பிரேடி ஹோக்கின் காலத்தில், 2013இலேயே மிச்சிகனுக்கு ஒப்புக்கொண்டிருந்தான் இல்லினாய்ஸைச் சேர்ந்த ஒரு தடுப்பாட்டப் பையன். ஹார்பா பதவியேற்றது 2014 டிசம்பர் இறுதியில். அவனுக்கு 'இல்லை' என்ற செய்தி போனது 2016 ஜனவரியில், கையெழுத்து நாளுக்குச் சில வாரங்கள் முன்னால். அப்போது ஹார்பா புதியவரே அல்ல. ஓராண்டுக்கு மேல் நாற்காலியில் இருந்தவர். கையெழுத்திடாத மாணவரைப் பற்றிப் பயிற்சியாளர்கள் வெளியில் பேசக் கூடாது என்பது விதி. அதனால் நமக்குக் கிடைத்தது ஒரு தரப்புக் கதைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தேதிகள் பேசுகின்றன. ஆட்டமுறை பொருந்தாது என்று முடிவெடுக்க ஓராண்டு தேவையில்லை. இவனைவிட நல்லவன் கிடைக்கிறானா என்று பார்ப்பதற்குத்தான் ஓராண்டு தேவை. இலவு காத்த கிளியாகப் பையனை உட்காரவைத்துவிட்டு, காய் வெடித்த பிறகு பறந்துபோ என்கிற வழக்கம் இது. அந்தப் பையன் பிறகு ஓக்லஹோமாவில் இடம்பிடித்தான் என்பது அவன் திறமையைக் காட்டுமே தவிர, மிச்சிகனின் நடத்தையை நியாயப்படுத்தாது.

புதிய பயிற்சியாளருக்கு அவகாசமே இல்லை என்ற வாதம் மட்டும் ஓரளவு எடுபடும். 2017இல் டிசம்பர் கையெழுத்து முறை வந்தது. அதற்குமுன் பிப்ரவரி வரை நேரம் இருந்தது. ரைலி போனபின் ஓக்லஹோமாவுக்கு பிரென்ட் வெனபிள்ஸ் வந்தது டிசம்பர் 5ஆம் தேதி, கையெழுத்து டிசம்பர் 15ஆம் தேதி. பத்து நாளில் ஒரு பட்டியலை முழுக்க அளந்து பார்க்க யாராலும் முடியாது. இந்த அவசரத்தில் 'எல்லோரையும் வைத்துக்கொள்கிறேன்' என்று அறிவிப்பதும் ஆபத்து. அப்படி வைத்துக்கொண்டவர்களை ஓராண்டு கழித்து வேறிடம் பார்த்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்புவது இப்போது எளிது. வீரர்கள் கல்லூரி மாறுவதற்கான 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' 2018 முதல் இருக்கிறது. 2022 டிசம்பரில் கொலராடோவுக்கு வந்த டியான் சாண்டர்ஸ், முதல் கூட்டத்திலேயே அங்கிருந்த வீரர்களிடம் போர்ட்டலுக்குள் போங்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். கேட்கக் கூசுகிறது. ஆனால், சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு கழற்றிவிடுகிறவரைவிட அவர் ஒரு படி மேல் என்றே எனக்குப் படுகிறது.

இதுவரை பயிற்சியாளரையே பிடித்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் பின்னால் பல்கலைக்கழகம் வசதியாக ஒளிந்துகொள்வதும் இப்படித்தான். சேரும் மாணவர்கள் கையெழுத்திடுவதற்காக 1964 முதல் 2024 வரை நடப்பில் இருந்த தேசிய ஒப்புதல் கடிதத்தில், நீ கையெழுத்திடுவது பல்கலைக்கழகத்தோடு, பயிற்சியாளரோடு அல்ல என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பயிற்சியாளர் மறுநாளே ஓடிப்போனாலும் பையன் கட்டுப்பட்டவன். 2015 பிப்ரவரியில் பள்ளி மாணவர் ரோக்வான் ஸ்மித் தொலைக்காட்சியில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார். அங்கே தனக்குப் பயிற்சி தரவேண்டியவர் தொழில்முறை அணிக்குப் போகப் போகிறார் என்ற செய்தி வந்ததும் கடிதத்தை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார். கடைசியில் கடிதம் இல்லாமலே ஜார்ஜியாவில் சேர்ந்தார். அவ்வளவு பேரம் பேசும் வலு அவரைப் போன்ற சிலருக்கே உண்டு. பையனைக் கட்டும்போது 'நிறுவனம்தான் பேசுகிறது' என்று சொன்னவர்கள், அவனைக் கைவிடும்போது மட்டும் 'அது முன்னவர் சொன்னது' என்கிறார்கள். முன்னவர் பல்கலைக்கழகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதன் செலவில் விமானம் ஏறிப் போய், அதன் பெயரால்தான் பேசினார்.

அப்படியானால் என்ன செய்வது? ஆட இடம் தருவதும் படிக்க இடம் தருவதும் இரண்டு தனி வாக்குறுதிகள். முதலாவதைப் புதிய பயிற்சியாளர் மறுக்கலாம்; இரண்டாவதைப் பல்கலைக்கழகம் மறுக்கக் கூடாது. முன்பு இதற்கு ஒரு தடை சொல்வார்கள்: ஓர் அணிக்கு 85 ஸ்காலர்ஷிப்தான், ஆடாதவனுக்கு ஒன்று போனால் ஆடுகிறவனுக்கு ஒன்று குறையும். 2025 ஜூன் 6ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த, கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் தீர்வு அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. அதை ஏற்ற பல்கலைக்கழகங்களில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. அணியில் 105 பேர் என்ற வரம்பு மட்டும்தான். அணிக்கு வெளியே படிக்கிற பையன் அந்த 105இல் வரமாட்டான்.

அதே வழக்கில் இன்னொன்றும் நடந்தது. புதிய வரம்பைக் காட்டிப் பல பல்கலைக்கழகங்கள் தீர்ப்பு வருமுன்பே வீரர்களையும், இடம் தருவதாகச் சொல்லியிருந்த பள்ளி மாணவர்களையும் கழித்துக்கட்டின. வில்கன் விடவில்லை, அவர்களுக்கு வழி செய்யாமல் ஒப்புதல் தரமாட்டேன் என்று நிறுத்திவைத்தார். கடைசியில் அவர்களை வரம்பில் சேர்க்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று திருத்தம் வந்தது. எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எடுத்தே ஆக வேண்டும் என்று எழுதவைக்க அந்த நீதிபதியாலும் முடியவில்லை.