இளவரசன் வளர்வதற்குள்

ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’யை நான் முதலில் படித்தது திருச்சியில், பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பில். குடித்துக் கூத்தடிக்கும் இளவரசன் ஹால், கலகக்காரர்களை அடக்கிப் பொறுப்பான அரசனாக வளர்கிறான். ‘ஓர் அரசனின் கல்வி’ என்று தலைப்பிட்டு எட்டுப் பக்கம் நோட்ஸ் எழுதினோம். எனக்கும் ஹாலைப் பிடித்திருந்தது. ஃபால்ஸ்டாஃபை அவன் கைவிடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அழுதேன்.

அதற்கு முந்தைய காட்சி என் நினைவிலேயே தங்கவில்லை. பல வருடம் கழித்து மறுபடி படித்தபோதுதான் அதில் நின்றேன். இரண்டாம் பாகம், ஐந்தாம் அங்கம், நான்காம் காட்சி. மதுவிடுதி நடத்தும் குவிக்ளியையும் அங்கே வந்துபோகும் டால் டியர்ஷீட்டையும் காவலர்கள் இழுத்துப் போகிறார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்கிறாள் டால். அது வெறும் திண்டு என்று காவலன் கேலி பேசுகிறான். ஒரு பக்கம்கூட வராது. அடுத்த காட்சியில் முடிசூடிய அரசன் வருகிறான். ஃபால்ஸ்டாஃபுக்காக விமர்சகர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். டாலுக்காக விட்டவர்கள் குறைவு.

முதல் பாகத்திலும் இப்படித்தான். கலகத்துக்குப் புறப்படும் ஹாட்ஸ்பரிடம் எங்கே போகிறாய் என்று மனைவி கேட் கேட்கிறாள். பெண்ணிடம் சொல்வதற்கில்லை என்று மறுக்கிறான். கிளெண்டவரின் மகளுக்கு வெல்ஷ் மொழி மட்டுமே தெரியும். அவள் பேசுகிறாள் என்று மேடைக்குறிப்பு இருக்கிறது, பேச்சை யாரும் எழுதிவைக்கவில்லை.

அந்தக் குறிப்பு என்னை எங்கள் ஊர் ராணியிடம் கொண்டுவந்தது. மலைக்கோட்டை அடிவாரத்தில் இருக்கும் ராணி மங்கம்மாள் மகால் இன்று அரசு அருங்காட்சியகம். 1682இல் கணவர் சொக்கநாத நாயக்கர் இறந்தார். 1689இல் மகனை அம்மை கொண்டுபோனது. மருமகள் பிள்ளை பெற்ற கையோடு உயிரை மாய்த்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனின் பெயரால் மங்கம்மாள் 1706 வரை ஆண்டார். திருவிதாங்கூருக்கும் தஞ்சைக்கும் படை அனுப்பினார். சாலை போட்டார், சத்திரம் கட்டினார்.

ஏன் கட்டினார்? ஊர்க்கதை சொல்லும்: நினைவில்லாமல் இடக்கையால் வெற்றிலை போட்டுவிட்டாராம், அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாம். திருமலை நாயக்கர் மகாலுக்கு இப்படி ஒரு வெற்றிலைக் கதையை நான் கேட்டதில்லை. அமைச்சர் அச்சையாவோடு சேர்த்துப் பேசிய பேச்சு வேறு. கடைசியில், பேரனுக்கு வயது வந்தும் பாட்டி ஆட்சியை விடவில்லை, அதனால் சிறையில் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று கதை முடியும். இது செவிவழிச் செய்திதான். ஆனால் எங்கள் வீட்டில் இதைச் சொன்ன பெண்கள் எல்லோருமே ‘விட்டுக்கொடுத்திருக்கலாம்’ என்றுதான் முடித்தார்கள்.

ஹால் விடுதியில் கழித்த வருடங்கள் அவனுக்குக் கல்வி. மேகம் விலகிய சூரியனாக ஒருநாள் வெளிவருவேன் என்று அவனே முன்கூட்டிக் கணக்குப் போட்டுச் சொல்லியும்விடுகிறான், நாமும் மார்க் போடுகிறோம். மங்கம்மாளுக்கு ஒரு வெற்றிலைக்கு நாடு முழுக்கச் சாலை போட்டும் கணக்குத் தீரவில்லை. அவருடைய பதினேழு வருட ஆட்சி, யாரோ ஒருவனின் குழந்தைப் பருவமாகத்தான் எண்ணப்படுகிறது.

வளர்ந்த பேரன் என்ன ஆனார்? ஆட்சியில் பலவீனம், கோயில்களுக்கு வாரி வழங்கிய பக்தி என்றே வரலாற்று நூல்கள் அவரைச் சொல்கின்றன. ஸ்ரீரங்கம் கோயிலில் ஆளுயரச் சிலையாகக் கைகூப்பி நிற்கிறார். சிலை அழகானதுதான், போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். 1732இல் அவர் வாரிசில்லாமல் இறந்ததும் ஆட்சிக்கு வந்தவர் மனைவி மீனாட்சி. திருச்சிக் கோட்டையில் உட்கார்ந்து ஆள, அவரும் முதலில் ஒரு சிறுவனைத் தத்தெடுக்க வேண்டியிருந்தது.