பழையாற்றங்கரையில் எழுத வேண்டிய கையேடு

குமரி மாவட்டத்தைப் பற்றிக் கையேடு எழுதுகிறவர்கள் ஊர்களுக்கு ஓர் அத்தியாயம், ஆறுகளுக்கு ஒன்று, கல்லூரிகளுக்கு ஒன்று, சான்றோர்களுக்கு ஒன்று என்று பிரித்துவிடுகிறார்கள். மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான நாஞ்சில் நாட்டுக்கு அந்த முறை பொருந்தாது. ஆறு போகிற வரிசையில்தான் இங்கே ஊரும் ஆளும் வருகிறார்கள்.

சுருளகோட்டுப் பக்கம் தொடங்கி மணக்குடியில் கடல் சேரும் சின்ன ஆறு பழையாறு. அதன் போக்கிலேயே நடந்தால் முதலில் பூதப்பாண்டி. 1907இல் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர். அடுத்து வீரநாராயணமங்கலம்; 'சூடிய பூ சூடற்க' தொகுப்புக்காக 2010இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாஞ்சில் நாடனின் ஊர். நாகர்கோவிலுக்குள் நுழையும் இடத்தில் ஒழுகினசேரி. 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்குச் சொந்த ஊர். கோட்டாற்றைத் தாண்டினால் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் இடலாக்குடி. பிறகு சுசீந்திரம், அதை அடுத்துத் தேரூர்.

தேரூரில் கொஞ்சம் நிற்க வேண்டும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்தது அங்கே, 1876இல். குழந்தைப் பாட்டுக்காரர் என்று மட்டும் அவரைச் சொல்லி முடிப்பது அநியாயம். சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனான மருமகனுக்குப் போன வழக்கத்தில் பெண்டு பிள்ளைகள் பட்ட பாட்டை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடினார். 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னால் அந்த நூல் எழுப்பிய விவாதமும் இருக்கிறது. கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்தவரும் அவரே.

சாலை என்றால் அன்று கல்விக்கூடம். இந்த மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் நிறுவிய சாலை, காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டது. 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, அங்கே இடம் இருந்ததைச் செப்பேடு சொல்கிறது. பிற்காலக் கல்விக்கு வந்தால், 1809இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளி நாகர்கோவிலுக்கு வந்து, 1893இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. மாவட்டத்துக் கல்லூரிகள் பலவும் இன்று இணைந்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் திருநெல்வேலியில் அமைந்தது.

பழையாறு தன் மழையை மட்டும் நம்பி ஓடவில்லை. பரளியாற்றுத் தண்ணீரைப் பாண்டியன் கால் கொண்டுவந்து சேர்க்கிறது. கோதையாற்றுத் தண்ணீரும் இந்தப் பக்கம் வர, அதன் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. அதைக் கட்டிய பொறியாளர் மின்சினின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. தோவாளைச் சானல், அனந்தனார் சானல், புத்தனாறு என்று கிளைத்துப் போகும் தண்ணீரை வைத்துத்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு போக நெல்லும் விளைந்தன. மாத்தூரில் 115 அடி உயரத்தில் பள்ளத்தாக்கைக் கடக்கும் தொட்டிப்பாலம், இன்று சுற்றுலாக்காரர் படம் எடுக்கும் இடமாகிவிட்டது. மேலே ஓடுவது வயலுக்குப் போகும் தண்ணீர் என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? அணை திறந்த சேதி வந்ததும் கடைவரம்பு விவசாயி மண்வெட்டியோடு மடையில் போய் நிற்பார். மேல்மடைக்காரர் விட்டது போகத்தான் அவருக்கு.

ஒழுகினசேரிப் பாலத்தில் பஸ் மெதுவாகும்போது கீழே எட்டிப் பாருங்கள். ஊர்ச் சாக்கடையும் ஆகாயத்தாமரையுமாக ஆறு கிடக்கிறது. இந்த மாவட்டத்துக் கல்லூரிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பு மாணவர்களையாவது சுருளகோட்டிலிருந்து மணக்குடிவரை நடத்திக் கூட்டிச்சென்று, ஆற்றின் வரிசையில் அமையும் கையேட்டை அவர்களைக் கொண்டே எழுதவைக்க வேண்டும்.