லூசிக்கு ஏற்றிய ரத்தம்

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) நாவலில் ரத்தக்காட்டேரி குடிக்கும் ரத்தத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. மருத்துவர்கள் ஏற்றும் ரத்தத்தைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது.

லூசி வெளிறிப்போய்க் கிடக்கிறாள். நான்கு முறை ரத்தம் ஏற்றுகிறார்கள். கொடுப்பவர்கள் அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட ஆர்தர், மருத்துவர் சூவர்டு, அவருடைய ஆசான் வான் ஹெல்சிங், அமெரிக்கரான குவின்சி. நால்வரும் ஆண்கள். நான்காம் முறை தேவைப்படும்போது வீட்டில் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்புவதற்கில்லை என்று வான் ஹெல்சிங் ஒதுக்கிவிடுகிறார். துணிச்சலான ஆணின் ரத்தமே ஆபத்திலிருக்கும் பெண்ணுக்கு உகந்தது என்பது அவர் கட்சி.

ரத்தத்தில் வகைகள் உண்டென்பதைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல்தான் வெளியிட்டார். ஆகவே பொருந்தாத ரத்தமே லூசியைக் கொன்றிருக்கும் என்று கணக்குப் போடலாம். சுவாரசியமான கணக்குதான், ஆனால் 1897இல் எழுதியவரை 1901ஐ வைத்து மடக்குவதில் எனக்கு ஆர்வமில்லை. அன்றைக்குத் தெரிந்திருந்ததையே பார்ப்போம். மனிதரின் ரத்தத்தை மனிதருக்கு ஏற்றும் முறையை 1818 முதல் லண்டனில் முயன்ற ஜேம்ஸ் பிளண்டல் ஒரு பிரசவ மருத்துவர். பிள்ளை பெற்றபின் ரத்தம் பெருகிப் பெண்கள் சாவதைக் கண்டுதான் அவர் அதில் இறங்கினார். பிரசவ அறையில் வேர்விட்ட அந்தச் சிகிச்சை, ஸ்டோக்கரின் கையில் ஏறக்குறைய தாலியாகிவிடுகிறது. தன் ரத்தம் கலந்ததால் லூசி தனக்கு மனைவியே ஆகிவிட்டாள் என்று ஆர்தர் ஆறுதல் கொள்கிறான். மற்ற மூவரும் கொடுத்ததை அவனிடம் மறைத்துவிடுகிறார்கள்.

அவன் மனம் நோகக் கூடாதென்ற மறைப்பு அது. இன்னொரு மறைப்பு உயிரைக் குடிக்கிறது. வான் ஹெல்சிங் லூசியின் அறை முழுக்கப் பூண்டுப் பூக்களை வைத்து ஜன்னலை அடைக்கிறார். மருந்து என்பதற்கு மேல் அவளுக்கு விளக்கமில்லை. தாய்க்கோ எதுவுமே சொல்லப்படவில்லை, இதயநோய்க்காரி, தாங்கமாட்டாளாம். நெடி பொறுக்காமல் தாய் பூக்களை அகற்றி, மகளுக்குக் காற்று வரட்டுமென்று ஜன்னலைத் திறந்துவிடுகிறாள். அறியாமை என்று அவள்மீது பழிபோடுவது எளிது. அறியவிடாதவர் யார்? என் கர்ப்பப்பையின் ஸ்கேனை, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே என் கணவரிடம் விளக்கிய ஒரு மருத்துவரை இந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

செத்தபின் லூசி காட்டேரியாகிறாள். கல்லறைக்குள் அவள் மார்பில் மரமுளையை அடித்து இறக்குபவன் ஆர்தர். தலையை அறுத்து வாயில் பூண்டைத் திணிப்பவர்கள், அவளுக்குச் சிகிச்சையளித்த அதே இரண்டு மருத்துவர்கள்.