மலை உண்டு, ஆறு இல்லை

சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியை ஒட்டிய கழிவெளியில், இடுப்பளவு நீரில் இருளர் பழங்குடிப் பெண்கள் இறால் தடவுவார்கள். பனையோலைப் பறியின் காதைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். வாய் திறக்க முடியாத வேலை. கேள்வித்தாளோடு வரும் மொழியாய்வாளர் கரையில் காத்திருக்கத்தான் வேண்டும்.

பெரும்பாலும் யாரும் காத்திருக்கவில்லை, மலையேறிவிட்டார்கள். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1970களில் நீலகிரி இருளர் பேச்சை ஆராய்ந்து, அது கொச்சைத் தமிழ் அல்ல, தனித்த தென்திராவிட மொழி என்று வாதிட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஆர். பெரியாழ்வாரும் அந்த மொழியை ஆராய்ந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் தலையையும் மூக்கையும் அளந்ததை நினைத்தால், வாயிலிருந்து வருவதைக் கேட்டு எழுதியது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

கோணலும் அங்கேதான் தொடங்கியது. மலைப் பேச்சு 'அசல்' ஆனதும், சமவெளி இருளர் 'தமிழுக்கு மாறியவர்கள்' என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிப்போனார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர் ஏறத்தாழ 1.9 லட்சம், இருளர் மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்களோ நாடு முழுவதும் சுமார் 12 ஆயிரம் பேர். மிச்சப் பேர் பேசுவது தமிழ்தானே, அதில் பதிய என்ன இருக்கிறது? இந்த வாதத்தை நான் ஒப்பவில்லை. எந்த நீருக்கு எங்கே இறங்குவது, விரலில் தட்டுவது இறாலா நண்டா என்று தாய் மகளுக்குச் சொல்லித்தரும் பேச்சு இலக்கணத்தில் தமிழாகவே இருக்கட்டும். அதன் பொருள் சென்னை ராயபுரத்துக்காரருக்கு முழுசாக விளங்குமா?

கருவியிலும் குறை உண்டு. மொழியாய்வில் பலரும் கையிலெடுப்பது மோரிஸ் சுவாதேஷின் 100 சொல் பட்டியல். மொழிகளை ஒப்பிட்டு உறவு பார்க்க நல்ல கருவி, எந்த ஊருக்கும் எடுத்துப்போகலாம். அதில் மீன் உண்டு, மணல் உண்டு, மலைகூட உண்டு. ஆறு இல்லை, கடல் இல்லை, சேறு இல்லை. பட்டியலை முடித்துக்கொண்டு கிளம்பியவர் தண்ணீரில் கால் நனைக்கவே தேவையில்லை.

இதற்குள் அந்தப் பெண்கள் இறங்கும் ஆறே மாறிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் எங்கும் எண்ணெய் படிந்தது. அதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே அனல்மின் நிலையக் குழாய்களில் கசிந்த சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் அடியில் படிந்து, தடவ வேண்டிய சேற்றை மூடிவருகிறது.

சுவாதேஷின் பட்டியலில் சாம்பலும் ஒரு சொல். அதைக் கேட்டால் அந்தப் பெண்கள் பறியை வாயிலிருந்து எடுக்காமலே காலடியைக் காட்டுவார்கள்.